ஏழு கிளை ரோஜா

ஒரு ராஜ்ஜியத்தின் எல்லையை முடிவு செய்வது மலையல்ல, ஆறல்ல, மக்கள் பேசுகிற மொழிகூட அல்ல. கடமை தவறாத ஊழியர்களின் நெஞ்சுரம்தான் அதை முடிவு செய்கிறது என்று 1960ஆம் வருஷம் மார்ச் மாதம் முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் திருத்தணியில் ஹெட் கிளார்க் கோவர்த்தனன் சொற்பொழிவாற்றினார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் லாரி டிரைவர். மற்றவர் கிளீனர், அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சிதா சார்?" என்றார் டிரைவர். "ரேணிகுண்டாவுல எனக்கு வேற லோடு கீது."

விடிந்தால் திருத்தணி சென்னை ராஜ்ஜியத்துக்குப் போய்விடும். கோவர்த்தனன் வேலை பார்த்த எல்லைக்கல் பராமரிப்பு உப அலுவலகம் ஆந்திராவுக்கு உரியது. அது புத்தூருக்குப் போக வேண்டும். ஊருக்கும் ஊருக்கும் நடுவே நட்ட கற்கள் சாயாமல் நிற்கின்றனவா என்று பார்ப்பதுதான் அந்த அலுவலகத்தின் வேலை. கற்கள் பொதுவாகச் சாய்வதில்லை. ஆகவே அங்கே வேலை எப்போதும் திருப்திகரமாக நடந்துவந்தது.

மூன்று மேஜை, ஐந்து நாற்காலி, கதவு மூடாத பீரோ ஒன்று, கல் சாய்ந்தால் நிமிர்த்துவதற்கான கடப்பாரை இரண்டு எல்லாம் லாரியில் ஏறின. கடைசியாக, வேரைச் சாக்கில் சுற்றிய ஒரு ரோஜாச் செடி ஏறியது. அதைக் கோவர்த்தனனே தூக்கி வைத்தார். முள் கிழித்த கையைக் கைக்குட்டையால் சுற்றிக்கொண்டார்.

"சார், செடி அசையாப் பொருளாச்சே" என்று ஓரமாக நின்ற சண்முகம் சொன்னார். சண்முகம் பதினோரு வருஷம் கோவர்த்தனனுக்குக் கீழே இரண்டாவது கிளார்க்காக இருந்தவர். ஊர் பிரிந்தபோது சென்னைப் பக்கம் விருப்பம் எழுதிக் கொடுத்துவிட்டார். மறுநாளிலிருந்து திருத்தணியில் திறக்கும் புது ஆபீஸுக்கு அவரே ஹெட் கிளார்க்.

"அசைச்சேன். அசைஞ்சுது. லாரியில ஏறிக் குந்திக்கினு கீது. அப்புறம் இன்னாய்யா அசையாப் பொருள்?" என்றார் கோவர்த்தனன்.

அந்தச் செடியை அவர் விட்டுவிட்டுப் போக முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் அந்த வழியாகப் போனபோது காரை நிறுத்தி, அதில் பூத்திருந்த ஒரு சிவப்பு ரோஜாவைப் பார்த்து, "வெரி நைஸ்" என்று சொன்னார். அப்போது செடிக்குப் பக்கத்தில் நின்றவர் கோவர்த்தனன். நகரியில் தறிக்குழியில் உட்கார்ந்த குடும்பத்திலிருந்து முதன்முதலாக நாற்காலியில் உட்கார்ந்தவர் அவர். அந்த "வெரி நைஸ்" செடிக்குச் சொன்னதா பக்கத்தில் நின்றவருக்குச் சொன்னதா என்ற ஆராய்ச்சிக்கு அவர் இடம் கொடுத்ததே இல்லை. உத்தியோகத்தில் அவருக்கு வேறு யாரும் எதையும் நைஸ் என்று சொன்னதும் இல்லை.

புத்தூருக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், புது ஸ்டாக் ரிஜிஸ்டரில் முதல் பக்கத்தில் இப்படி எழுதியது: "ரோஜாச் செடி, ஒன்று. உயரம் நாலரை அடி. கிளைகள் ஏழு. நிலைமை நன்று." கீழே கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். அதைவிடப் பெரிய தவறை அவர் தம் உத்தியோகத்தில் செய்ததில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

ஏப்ரல் வெயில் புத்தூர்ப் பாறையில் பட்டு இரண்டு மடங்காகத் திரும்பிவரும். செடியின் இலைகள் ஒரு வாரத்தில் கருகின. இரண்டாவது வாரத்தில் சென்னைப் பக்கத்திலிருந்து சண்முகம் கையெழுத்தோடு ஒரு கடிதம் வந்தது. மண்ணில் வேரூன்றியது எதுவும் அசையாப் பொருள்; திருத்தணி ரோஜாவைத் திருத்தணிக்கே அனுப்ப வேண்டும்; நகல் சித்தூருக்கு.

சித்தூரில் சீதாபதி ராவ் என்று ஒரு ஸ்பெஷல் ஆபீஸர் இருந்தார். இரண்டு ராஜ்ஜியங்களுக்கும் மேஜை நாற்காலி பிரித்துக் கொடுப்பதற்கென்றே நியமிக்கப்பட்டவர். ஒரே ஒரு மைக்கூட்டுக்காக எட்டு மாதம் கோப்பு நடத்திய அனுபவசாலி. அவர் ஆழ்ந்து யோசித்து ஒரு தீர்ப்பு எழுதினார். செடி புது இடத்தில் பூத்தால், அது இடம் மாறிப் பிழைக்கும் பொருள், ஆகவே அசையும் பொருள். அக்டோபர் முடிவதற்குள் பூக்காவிட்டால், அது அசையாப் பொருள். எடுத்துவந்த ஹெட் கிளார்க் அதைத் தம் கையாலேயே திருத்தணிக்குக் கொண்டுபோய், அங்குள்ள ஹெட் கிளார்க்கிடம் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும்.

கோவர்த்தனன் அதை இரண்டு தடவை படித்தார். கண் முன்னால் திருத்தணிக் கடைத்தெரு வந்து நின்றது. தலையில் செடி. இரண்டு பக்கமும் தெரிந்த முகங்கள். கடைசியில் நாற்காலியில் சண்முகம், எழுந்திருக்காமல், "வாங்க சார், அந்த மூலையில வெய்யுங்க" என்கிறார்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆபீஸுக்குத் தண்ணீர் எடுத்து ஊற்றிப் பெருக்குகிறவள் சுந்தரம்மா. வெதுருகுப்பத்தில் பிறந்து புத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் செடியை ஒரு பார்வை பார்த்தாள். "பாதிக்கு மேல வெட்டி வுடு சார். மொட்டையடிச்சாத்தான் துளுக்கும்."

"வெட்டறதா? ரிஜிஸ்டர்ல ஏழு கிளைன்னு கீது. வெட்டினா குறைவு வரும். யார் பதில் சொல்றது, நீயா?"

"அதுல அஞ்சு காய்ஞ்சி பூட்டுதே."

"காய்ஞ்சாலும் கிளை கிளைதான். நாலு காலும் ஆடற நாற்காலிய கணக்குலேருந்து எடுத்தோமா?"

சுந்தரம்மாவுக்கு நாற்காலியைப் பற்றி அபிப்பிராயம் இல்லை. குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வைத்தியம் தெரியாதவன் ஊரில் யார்? டீக்கடைக்காரர் தினமும் சக்கைத் தூள் அனுப்பினார். முட்டை ஓடு வந்தது, மீன் கழுவிய தண்ணீர் வந்தது, புளித்த மோரில் பெருங்காயம் கரைத்து ஒருவர் கொண்டுவந்தார். நாராயணவனத்துக்குச் சுவாமி கல்யாணம் பார்க்கப் போன கும்பல் ஒன்று திரும்பும்போது ஒரு பிடி குங்குமத்தை வேரில் தூவிவிட்டுப் போனது. எல்லாவற்றையும் செடி வாங்கிக்கொண்டது. பதிலுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. கோவர்த்தனன் தினமும் பத்து மணிக்கு இலைகளை எண்ணி எழுதினார். மே மாதம் பத்தொன்பது. ஜூனில் பதினொன்று. ஜூலையில் ஒரு நாள் பன்னிரண்டு ஆனபோது ஆபீஸ் முழுவதற்கும் மசால்வடை வாங்கிக் கொடுத்தார். மறுநாள் பார்த்தால் பன்னிரண்டாவது இலை ஒரு வெட்டுக்கிளி.

ஆகஸ்டில் அவர் திருப்பதிக்குப் போனார். மலையேறி வேண்டிக்கொண்டு இறங்கியதும், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் நாற்றுச் செடி விற்கும் உமாபதி என்பவரைப் பார்த்தார். உமாபதி கதை முழுவதையும் கேட்டார்.

"எந்த மாசம் புடுங்கினீங்க?"

"மார்ச் கடைசி."

"கொலை பண்றவங்ககூட நல்ல மாசம் பார்ப்பாங்களே சார்" என்றார் உமாபதி. "சரி, வேர் உயிரோட கீதுன்னா இன்னும் ஒண்ணும் கெட்டுப் போகல. செப்டம்பர்ல முழங்கால் உயரத்துக்கு வெட்டிடுங்க. காய்ஞ்சதெல்லாம் ஒடிச்சுத் தூரப் போடுங்க. நாப்பது நாள்ல பூக்கும். பூக்கலன்னா என்னை வந்து கேளுங்க."

கோவர்த்தனன் ஊர் திரும்பி, "ஏழு கிளைகளில் ஐந்தைக் குறைக்கவும், உயரத்தை நாலரை அடியிலிருந்து ஒன்றரை அடியாக மாற்றவும் அனுமதி கோருதல்" என்று சித்தூருக்கு எழுதினார். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. இரண்டு கிளைகளே போதும் என்றால் ஆரம்பத்தில் ஏழு ஏன் வாங்கப்பட்டன என்பதை விளக்கவும்.

அதற்கு அவர் பதில் தயாரித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் அது நடந்தது.

செப்டம்பர் பதினைந்தாம் தேதி, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்த கோவர்த்தனன் ஆபீஸ் வாசலில் அப்படியே நின்றுவிட்டார். சுந்தரம்மாவின் ஆடு ராணி, கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, முன்னங்கால் இரண்டையும் ரோஜாச் செடியின் மேல் ஊன்றி நின்றுகொண்டிருந்தது. பச்சையாக இருந்த இரண்டு கிளைகளையும் முழங்கால் உயரம் வரைக்கும் தின்றாகிவிட்டது. காய்ந்து நின்ற ஐந்தும் மிதிபட்டு முறிந்து கீழே கிடந்தன. வாயோரத்தில் ஒற்றை இலையைத் தொங்கவிட்டபடி, அது ஹெட் கிளார்க்கைப் பார்த்தது.

"அய்யய்யோ" என்று ஓடிவந்தாள் சுந்தரம்மா. "அடி பாவி, உனக்குத் துன்ன வேற ஒண்ணுமே கிடைக்கலியா!"

கோவர்த்தனன் ஆட்டை அடிக்கவில்லை. சுந்தரம்மாவைத் திட்டவும் இல்லை. கீழே குனிந்து, முறிந்த கிளைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். எண்ணினார். ஐந்து. இன்னொரு தடவை எண்ணினார். ஐந்தேதான். அவர் முகத்தில் மெல்ல ஒரு தெளிவு வந்தது.

"சுந்தரம்மா, ஓடிப் போய் கன்னையாவைக் கூட்டிக்கினு வா."

புத்தூரில் எலும்பு முறிந்தால் கட்டுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது மெட்ராஸ் வரைக்கும் தெரிந்த விஷயம். மரத்திலிருந்து விழுந்தவன், மாடு முட்டினவன், மாமியார் தள்ளிவிட்டவள், எல்லாரும் ரயிலேறி இங்கேதான் வருவார்கள். கன்னையா அப்படிக் கட்டுகிறவர். பச்சிலையும் முட்டை வெள்ளையும் மூங்கில் தப்பையும் வைத்து அவர் ஒரு சுற்று சுற்றினால் முறிந்த கால் நாற்பது நாளில் நடக்கும் என்பார்கள்.

கன்னையா பையோடு வந்தார். "யாருக்கு அடி சார்?"

"ஆளுக்கு இல்ல. அரசாங்கச் சொத்துக்கு."

கன்னையா செடியை ஒரு சுற்று சுற்றி வந்தார். "எலும்பு எங்க கீது இதுல?"

"கிளைதான்யா எலும்பு."

"மாட்டுக்குக் கட்டியிருக்கேன். ஒரு தபா மயிலுக்குக்கூடக் கட்டியிருக்கேன். ஆனா இது காய்ஞ்ச எலும்பு சார். ஒட்டாது. செத்தவனுக்குக் கட்டுப் போட்டா எழுந்து நடப்பானா?"

"நடக்க வேணாம்யா. நின்னாப் போதும்."

கன்னையா நின்று யோசித்தார். தொழிலில் பெருமை உள்ளவர். ஆனால் ஹெட் கிளார்க்கின் கண்ணில் தண்ணீர் நிற்பதைப் பார்த்துவிட்டார். காய்ந்த ஐந்து கிளைகளையும் அதனதன் அடிக்கட்டையில் பொருத்தி, மூங்கில் தப்பை வைத்து, பச்சிலை அப்பி, வெள்ளைத் துணியால் இழுத்துச் சுற்றினார். சாயங்காலத்துக்குள் புத்தூரின் எல்லைக்கல் அலுவலக வாசலில் ஐந்து கட்டுகளோடு ஒரு ரோஜா நின்றது. கிளைகள் ஏழு. உயரம் நாலரை அடி.

செடிக்குக் கட்டுப் போட்ட சேதி மறுநாளே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டது. கையிலும் காலிலும் கட்டோடு வைத்தியத்துக்கு வந்து தங்கியிருந்த ஜனங்கள் பொழுதுபோகாமல் அலுவலக வாசலுக்கு வந்து உட்கார ஆரம்பித்தார்கள். தூளியில் கை தொங்க ஒருவர், நீட்டிய காலோடு ஒருவர், நடுவிலே ரோஜா. தங்களுக்குள் ஒருவர் என்றே அதையும் நினைத்தார்கள். "உனக்கு எத்தினி நாளாச்சு?" என்று சித்தூர்க்காரர் ஒருவர் கேட்க, "எனக்குப் பதினெட்டு, இதுக்குப் பன்னெண்டு" என்று பக்கத்திலிருந்தவர் ரோஜாவுக்கும் சேர்த்துப் பதில் சொன்னார்.

பதினான்காம் நாள், ஆடு தின்ற அடிக்கட்டை ஒன்றில் செம்பு நிறத்தில் ஒரு துளிர் வந்தது. அடுத்த நாள் மூன்று. அதற்கடுத்த நாள் எண்ணி முடியவில்லை. கோவர்த்தனன் எண்ணுவதை நிறுத்திவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார். இருபத்தேழு வருஷ உத்தியோகத்தில் அவர் எதையாவது எண்ணாமல் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"கட்டு வேலை செய்யுது!" என்றார் கால் நீட்டியவர்.

"கட்டுக்கும் துளிருக்கும் சம்பந்தம் இல்ல" என்றார் கன்னையா. "கட்டுன கிளை ஒண்ணாவது துளுத்துதா பாரு. துளுக்கறது ஆடு துன்ன எடம்." ஆனால் கூட்டத்தில் அவர் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை. வைத்தியரே தன்னடக்கமாகப் பேசுகிறார் என்று மெச்சிக்கொண்டார்கள்.

அக்டோபர் பதினேழாம் தேதி காலையில் சுந்தரம்மா போட்ட கூச்சலில் டீக்கடைக்காரர் கையிலிருந்த கிளாஸை விட்டுவிட்டார்.

"சார்! மொக்கு சார்! மொக்கு!"

கோவர்த்தனன் செருப்பில்லாமல் ஓடிவந்தார். மிளகு அளவுக்கு ஒன்று, பச்சையாய், துளிரின் நுனியில் ஒளிந்துகொண்டிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார், மறுபடி கழற்றினார். நேரம் ஒன்பது நாற்பது என்று கையிலேயே எழுதிக்கொண்டார்.

அன்றிலிருந்து ஊரே பதற ஆரம்பித்தது. பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மொக்கு ஒச்சிந்தா?" என்று தெலுங்கில் கேட்க, வாசலில் இருந்தவர்கள், "வந்துச்சு, வந்துச்சு" என்று தமிழில் கத்தினார்கள். எல்லைத் தகராறில் ஒரு வருஷமாக முகம் பார்க்காத இரண்டு வெற்றிலைக் கடைக்காரர்கள் மொக்கு பட்டாணி அளவா சுண்டக்காய் அளவா என்று தர்க்கம் பண்ணி, அந்தச் சாக்கில் சமாதானம் ஆகிவிட்டார்கள். இருபத்திரண்டாம் தேதி மொக்கின் பச்சை உறை பிளந்தது. உள்ளே ஒரு கீற்று சிவப்பு. கோவர்த்தனன் அன்று சொற்பொழிவாற்ற வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சித்தூரிலிருந்து தந்தி வந்தது. இருபத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஸ்பெஷல் ஆபீஸர் நேரில் வருகிறார். திருத்தணி ஹெட் கிளார்க்கும் கூட வருகிறார்.

வியாழக்கிழமை மொக்கு திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை, கல்லைத் தூக்கி எறிகிற மாதிரி அடித்தது. கோவர்த்தனன் குடையை எடுத்துக்கொண்டு போய் மொக்குக்குப் பிடித்தார். அவர் மொத்தமாக நனைந்தார், மொக்கு நனையவில்லை. கை மரத்துப் போனபோது சுந்தரம்மா வாங்கிப் பிடித்தாள். அவளுக்குப் பிறகு டீக்கடைக்காரர். அவருக்குப் பிறகு, கை தூளியில் தொங்கியவர், நல்ல கையால்.

சனிக்கிழமை காலை மழை விட்டது. வெயில் ஏறியது. எட்டரை மணிக்கு முதல் இதழ் மெல்ல வெளியே வளைந்தது. ஒன்பதே காலுக்கு இரண்டாவது. பத்து மணிக்கு, ஒருவர் தும்மலை அடக்கிக்கொண்டு ஓடிப் போய்த் தெருக்கோடியில் தும்மிவிட்டு வந்தார். பத்து ஐம்பதுக்கு ரோஜா முழுசாகத் திறந்தது. அதே சிவப்பு. உள்ளங்கை அகலம். கூட்டம் ஒரே குரலில் "ஹோ" என்றது. கால் நீட்டியிருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். நின்ற பிறகுதான் கால் நினைவு வந்து உட்கார்ந்தார்.

பதினோரு மணிக்கு ஜீப் வந்தது.

சீதாபதி ராவ் குள்ளமாக, உருண்டையாக, கையில் ரிஜிஸ்டரோடு இறங்கினார். பின்னால் சண்முகம் இறங்கினார், புதுச் சட்டையில். பழைய அதிகாரியைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் கும்பிட்டுவிட்டார்.

"கிளைகள்?" என்றார் ராவ். விரலை நீட்டி எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு... ஏழு. உயரம்?"

சுந்தரம்மா அளவுகோலைப் பிடித்தாள். "நாலரை."

"பூ?"

"ஒண்ணு சார்" என்றார் கோவர்த்தனன்.

"பாகுந்தி!" என்றார் ராவ். "ஆனா இதென்ன பாண்டேஜ்?"

அங்கேதான் கோவர்த்தனன் சறுக்கிவிட்டார். நூறு பேர் சுற்றி நிற்கிறார்கள். சண்முகம் எதிரே நிற்கிறார். இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு ஓர் அதிகாரி அந்தச் செடியை நல்லது என்று சொல்லியிருக்கிறார். உள்ளே அடைத்திருந்த சொற்பொழிவெல்லாம் திறந்துகொண்டது.

"சார், இது புத்தூரின் பரம்பரை வைத்தியமும் நவீன நிர்வாகமும் சேர்ந்து கண்ட ஒரு விசேஷ முறை. பல மாதம் கண்விழித்து நானே ஆராய்ந்து உருவாக்கியது. இடம் பெயர்ந்த எந்தச் செடியையும் இந்த முறையில் நாற்பது நாளில் பூக்க வைக்கலாம்."

ஆபீஸுக்குப் பின்னாலிருந்து, கட்டியிருந்த இடத்தில், ராணி ஒரு தடவை கத்தியது.

சண்முகம் குனிந்து அடிக்கட்டையைப் பார்த்தார். நிமிர்ந்து கோவர்த்தனன் காதருகே வந்தார். "சார், இது பல்லு பட்ட மாதிரி கீதே."

"பழைய கத்தரி. முனை மொக்கை."

"ஓ" என்றார் சண்முகம். பதினோரு வருஷம் இவருக்குக் கீழே வேலை பார்த்தவர். இவர் பொய் சொன்னால் வலது காது சிவக்கும் என்பது தெரியும். காது சிவந்திருந்தது. சண்முகம் சண்டை போடவில்லை. ரிஜிஸ்டரை வாங்கி, "பூ கண்டேன்" என்று எழுதி, எல்லார் முன்னாலும் அழகாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு மிகவும் பணிவாக ஆபீஸர் பக்கம் திரும்பினார்.

"சார், சித்தூர் பங்களாவுல உங்களுக்கும் ரோஜா கீதுன்னு ஜீப் டிரைவர் சொன்னாரு."

"அவுனு, ஆமா!" என்ற சீதாபதி ராவின் முகம் வாடியது. "பன்னெண்டு செடி. மதனபள்ளியில இருந்து மாத்திக் கொண்டாந்தேன். ரெண்டு வருஷமா ஒரு மொக்குகூட இல்ல. வீட்டுல தினமும் அதே பேச்சு."

"ஹெட் கிளார்க் சார் கிட்ட முறை கீது, சார்."

ராவ் கோவர்த்தனனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "மீரு திங்கட்கிழமை காலையில வந்திடணும். அதே முறை. கொஞ்சம்கூட மாத்தக் கூடாது. நான் லீவு போட்டுப் பக்கத்துலயே நின்னு பார்க்கப் போறேன். அப்புறம் ஜில்லா பூரா சர்க்குலர் அனுப்பலாம்."

கோவர்த்தனன், "உத்தரவு சார்" என்றார். வேறென்ன சொல்வார்?

ஜீப் போயிற்று. கூட்டம் அவரைத் தோளில் தூக்காத குறை. ரோஜா ஆந்திராவுக்கு உரிய அசையும் பொருள் என்பது அன்று பகல் பன்னிரண்டு மணிக்குத் தீர்மானமாகிவிட்டது. டீக்கடையில் எல்லாருக்கும் டீ. கோவர்த்தனன் மட்டும் குடிக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவர் கன்னையா வீட்டுக்குப் போனார்.

"நான் எதுக்கு சார்?" என்றார் கன்னையா. "அன்னிக்கே சொன்னேன். கட்டுனது நானு. பூக்க வச்சது ஆடு."

அங்கிருந்து சுந்தரம்மா வீட்டுக்குப் போனார். அவள் வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பை முந்தானையால் அடைத்துக்கொண்டாள்.

"ஒரு கத்தரி எடுத்துக்கினு போ சார். முழங்காலு உயரத்துக்கு வெட்டி வுட்டுட்டு வா. இதுக்குப் போயி ஆடு எதுக்கு?"

"நம்ம செடி கத்தரி வெட்டியா பூத்துது?" என்றார் கோவர்த்தனன். ராத்திரியெல்லாம் யோசித்த முகம். "அதே முறைன்னு ஆபீஸர் கிட்ட ஒத்துக்கினேன். நான் கத்தரி போட்டு, அது பூக்காம போச்சுன்னா? எனக்குத் தெரிஞ்சி பூத்தது ஒரே ஒரு முறையிலதான்."

"பக்கத்துல நின்னு பார்க்கறேன்னு சொன்னாரே. ஆட்டைப் பார்த்தா இன்னா சொல்லுவ?"

"பஸ்ஸுல போகச்சொல்லோ யோசிக்கறேன்."

சுந்தரம்மா கடலைத் தோலை ஊதித் தள்ளினாள். "ராத்திரிக்கு முந்தி கொண்டாந்து வுட்டுடணும். பால் கறக்கணும். பன்னெண்டு செடி துன்னா வயிறு உப்பிக்கப் போகுது, நடுவுல கொஞ்சம் தண்ணி காட்டு."

திங்கட்கிழமை காலை ஏழே கால் பஸ்ஸில், கார்வேட்டிநகரம் வழியாக, ஹெட் கிளார்க் கோவர்த்தனன் சித்தூருக்குப் போனார். ஆட்டுக்கு அரை டிக்கெட் வாங்கினார்.